16½ அடியில் தார்க்கோல் இருந்ததா? இடைக்கால இங்கிலாந்தின் 'கோட்' பற்றி

சால்வழி | ஜனவரி 6, காலை 7.50

இங்கிலாந்தின் பழைய நில அளவில் 'ராட்' என்று ஒன்று உண்டு, பதினாறரை அடி. எங்கே பார்த்தாலும் அதற்கு ஒரே விளக்கம்தான் கிடைக்கிறது. எட்டு மாடு பூட்டி உழுதவன் கையில் இருந்த தார்க்கோலின் (முனையில் ஆணி வைத்த, மாடு ஓட்டும் கோல்) நீளமாம் அது. முன் ஜோடி வரை எட்ட வேண்டியிருந்ததால் அவ்வளவு நீளமாம். நாலு கோல் குறுக்கே போட்டால் 66 அடி, நாற்பது கோல் நெடுக்கே போட்டால் 660 அடி, ஏக்கர் வந்துவிட்டது என்கிறார்கள். கணக்கு கச்சிதமாக இருப்பதே சந்தேகத்தைக் கிளப்புகிறது. உண்மையா? அந்தக் கோலுக்கு அக்கால ஆங்கிலத்தில் பெயர் என்ன? 'கோட்' என்கிறார் ஒருவர், 'கேட்' என்கிறார் இன்னொருவர்.

மேழி | ஜனவரி 6, காலை 9.15

ஏக்கர் கணக்கு சரி. கோல் கதை தேறாது.

முதலில் பெயர். ககரத்தை எல்லாம் 'கங்கை'யின் ககரமாக ஒலித்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் 'காட்'. அந்த நெடில் ஆகாரம் தெற்கிலும் நடு இங்கிலாந்திலும் ஓகாரமாக மாறியபோது 'கோட்' ஆனது. கல்லைக் குறித்த 'ஸ்டான்' இன்று 'ஸ்டோன்' ஆனதும் இதே வழியில்தான். 'கேட்' வேறு குடும்பம். வைக்கிங்குகளோடு வந்த நார்ஸ் சொல் 'கட்டர்', ஆணி அல்லது கூர்முனை என்று பொருள். ஒலியும் பொருளும் பக்கத்தில் இருந்ததால் இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் கலந்துவிட்டன. வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் மாடு ஓட்டும் கோலே 'கேட்' ஆனது. 'ராட்' வெறும் கழி. அதற்கும் மாட்டுக்கும் தனி உறவு கிடையாது.

மேழி | ஜனவரி 6, காலை 9.40

எடையைப் போட்டுப் பார்த்தாலே கதை உடைந்துவிடும். பதினாறரை அடி என்றால் 5.03 மீட்டர். வளையாமல் நிற்க வேண்டுமானால் சராசரி 3 செ.மீ. தடிமன் வேண்டும். ஆஷ் மரத்தில் செய்தால் உலர்ந்த பிறகும் இரண்டரை கிலோ. இரண்டரை கிலோ பெரிய எடை இல்லைதான். ஆனால் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை மாட்டின் இடுப்பு உயரத்தில் நிறுத்த வேண்டும். பாரத்தின் நடுப்புள்ளி கையிலிருந்து எட்டடி தள்ளி இருக்கும். அதைக் காலை முதல் மதியம் வரை, உழாத கட்டாந்தரையில் நடந்துகொண்டே ஏந்த எந்தப் பையனாலும் முடியாது. கோல் தொங்கி மாட்டின் பின்னங்காலுக்குள் மாட்டிக்கொள்ளும்.

ஹேசல் என்ற புதர்மரத்தின் ஒன்பதடிக் கழியை எடுங்கள். சராசரி 2 செ.மீ. தடிமன். அரை கிலோவுக்குச் சற்று மேலே வரும், அவ்வளவுதான். ஒற்றைக் கையில் தூக்கலாம், தோளில் சாய்க்கலாம். இங்கிலாந்தின் சசெக்ஸில் 1920-கள் வரை மாடு கட்டி உழுதார்கள். அங்கே கோல் எட்டு, ஒன்பது அடி ஹேசல் கழிதான்.

ஏர்க்கால் | ஜனவரி 6, பகல் 12.05

ஒரு தடை. 1086-இல் இங்கிலாந்து அரசன் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கே ஓர் ஏருக்கு எட்டு மாடு என்று வைத்துத்தான் எண்ணுகிறது. நாலு ஜோடி ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் ஒன்பதடிக் கோல் முதல் ஜோடிக்கு எப்படி எட்டும்?

மேழி | ஜனவரி 6, பகல் 12.50

பதினாறரை அடியும் எட்டாது. சங்கிலியோடு சேர்த்து ஒரு ஜோடிக்குப் பத்தடி வையுங்கள், நாலு ஜோடி நாற்பதடி. மேழி (கலப்பையின் கைப்பிடி) பிடிப்பவன் இருக்கும் இடத்திலிருந்து பதினாறரை அடிக் கோலை நீட்டினால் கடைசி ஜோடியைத் தாண்டி அடுத்ததன் வாலைத் தொடலாம். அதோடு சரி. 'முன் ஜோடி வரை எட்ட' என்று எழுதுகிறவர்கள் ஒரு மாட்டின் நீளத்தைக்கூட யோசிக்கவில்லை.

இந்தக் கதை இன்னொன்றையும் மறந்துவிடுகிறது. ஏருக்கு ஆள் இரண்டு. மேழி பிடிப்பவன் ஒருவன், மாடு ஓட்டுபவன் ஒருவன். பண்ணைக் கணக்குகளின் லத்தீனில் 'தெந்தோர்' என்பவன் பிடிப்பவன், 'ஃபுகாதோர்' என்பவன் ஓட்டுபவன். இரண்டுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி வேலை. கோல் இரண்டாமவன் கையில். அவன் மாடுகளின் பக்கத்தில் நடக்கிறான், தேவைப்பட்ட ஜோடிக்கு முன்னே பின்னே போகிறான்.

எந்தப் பக்கம் என்பதையும் கலப்பையே முடிவு செய்தது. கனத்த ஆங்கிலக் கலப்பையின் மண்புரட்டும் பலகை வலப்பக்கம் மண்ணைத் தள்ளும். வலத்து மாடு முந்தைய உழவுச் சாலில் நடக்கும், இடத்து மாடு உழாத தரையில் நடக்கும். ஓட்டுபவனும் உழாத தரையில், இடப்பக்கத்தில். இடத்து மாடு கைக்கெட்டும் தூரம். வலத்து மாட்டைத் தொட இடத்து மாட்டின் முதுகுக்கு மேலே கோலை நீட்ட வேண்டும். ஒரு ஜோடியின் அகலம், நடப்பவன் விட்டிருக்கும் இடைவெளி, கொஞ்சம் முன்னோக்கிய சாய்வு, கைக்குப் பின்னால் சமநிலைக்கு ஒரு முழம். எல்லாம் சேர்ந்து எட்டு, ஒன்பது அடியில் முடிகிறது. கோலின் நீளத்தைத் தீர்மானிப்பது ஜோடியின் அகலம். ஏரின் நீளத்துக்கு அதில் வேலை இல்லை.

ஓலைக்கட்டு | ஜனவரி 6, மாலை 6.30

செஷயரில் ராட் 24 அடி, லங்காஷயரில் 21 அடி, கார்ன்வாலில் 18. கோல்தான் ராட் என்றால் செஷயர் பையன் எட்டு கஜக் கம்பத்தைச் சுமந்து உழவு ஓட்டியிருக்க வேண்டும். பாவம் அந்தப் பையன்.

ஏர்க்கால் | ஜனவரி 7, காலை 8.20

ஆனாலும் கோலையும் நில அளவையும் எழுத்திலேயே இணைக்கும் சான்று ஒன்று உண்டு, அது வேல்ஸில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு ஏடுகளில் நமக்குக் கிடைக்கும் வட வேல்ஸ் சட்டம் நுகத்தடிகளுக்கு நாலு அளவு சொல்கிறது: 4, 8, 12, 16 அடி. பதினாறடி 'நெடுநுகம்'. அந்த நெடுநுகத்தின் நீளத்தில் ஒரு கோல் ஓட்டுபவன் கையில். நெடுநுகத்தின் நடு முளையில் மறு கை. அப்படி நின்றபடி இரண்டு பக்கமும் கோல் எட்டும் தூரம்தான் 'எரு' என்ற நில அலகின் அகலம். பதினாறரை அடிக் கதை இதிலிருந்துதான் கிளைத்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

மேழி | ஜனவரி 7, காலை 9.00

நல்ல சான்று. ஆனால் அதே சட்டம் அடியையும் வரையறுக்கிறது. மூன்று வாற்கோதுமை மணி ஓர் அங்குலம், மூன்று அங்குலம் ஓர் உள்ளங்கை, மூன்று உள்ளங்கை ஓர் அடி. ஆக வேல்ஸ் அடி ஒன்பது அங்குலம். பதினாறடி என்பது ஆங்கிலக் கணக்கில் பன்னிரண்டு அடி. பதினாறையும் பதினாறரையையும் பக்கத்தில் வைத்து 'கிட்டத்தட்ட ஒன்று' என்று எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பன்னிரண்டடிக் கோலுக்கும் காரணம் உண்டு. நெடுநுகம் இரண்டுக்கு மேற்பட்ட மாடுகளைப் பக்கவாட்டில் வரிசையாகப் பூட்டுவதற்கானது. வேல்ஸ்காரன் பக்கத்திலும் நடப்பதில்லை. மாடுகளுக்கு முன்னால், மாடுகளைப் பார்த்தபடி, பின்னோக்கி நடப்பான். அவன் பெயரே 'கெய்ல்வாத்', அதாவது அழைப்பவன். 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேல்ஸைப் பற்றி எழுதிய ஜெரால்ட் பாதிரியார் இதைக் குறித்திருக்கிறார். பின்னோக்கி நடப்பவன் தடுக்கி விழுந்தால் மிரண்ட மாடு மேலே ஏறிவிடும் ஆபத்து உண்டு என்றும் சொல்கிறார். முன்னால் நிற்பவனுக்கு வரிசையின் இரண்டு கோடியும் எட்ட வேண்டும், அதற்குத்தான் கோல் நுகத்தின் நீளம். இங்கேயும் அகலம்தான் கணக்கு.

ஓலைக்கட்டு | ஜனவரி 7, காலை 9.10

ஒன்பது அங்குல அடி என்றால் அது நம் சாண்தானே. பதினாறு சாண் கோல்! சோழர் கல்வெட்டில் நிலம் அளந்த கோல்!

மேழி | ஜனவரி 7, காலை 9.25

வேண்டாம். இதை யாராவது எடுத்துக்கொண்டு போய் 'வேல்ஸ் வரை தமிழன்' என்று காணொளி போட்டுவிடுவார்கள். உலகம் முழுக்க மனிதனுக்குக் கை ஒரே அளவு, அவ்வளவுதான்.

சால்வழி | ஜனவரி 7, இரவு 8.45

சரி, கோல் செய்வது எப்படி? முனையில் ஈட்டி மாதிரி எதையோ ஓவியங்களில் வரைகிறார்களே.

மேழி | ஜனவரி 8, காலை 7.30

ஈட்டி வைத்தால் தோல் போய்விடும். உழைத்து முடித்த மாட்டைக் கொழுக்கவைத்துக் கறிக்கும் தோலுக்கும் விற்பது இங்கிலாந்தில் வழக்கம். ஓட்டை விழுந்த தோலுக்குப் பதனிடுபவனிடம் விலை கிடையாது.

கழி: அடியோடு வெட்டி மறுதாம்பு விட்ட ஹேசல் புதரில் ஏழெட்டு வருஷக் கழி நேராக வரும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் வெட்ட வேண்டும். கோடையில் வெட்டினால் நீரோட்டம் மிகுந்திருக்கும், காயும்போது வெடிக்கும். நாலைந்தைச் சேர்த்து மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டி, படுக்கை வாட்டில் நிழலில் சில மாதம் விட வேண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் தன் பாரத்திலேயே வில்லாக வளைந்துவிடும், பிறகு நிமிராது. கணுக்களைக் கத்தியால் மட்டமாகச் சீவ வேண்டும். விட்டுவிட்டால் கையில் கொப்புளம், மாட்டின் முதுகில் உராய்வு.

தடித்த முனை கைக்கு, மெல்லிய முனை மாட்டுக்கு. தலைகீழாகப் பிடித்தால் பாரம் முன்னால் போய் ஒன்பதடியும் பதினாறடி மாதிரி இழுக்கும்.

முனை: முதலில் பூண், பிறகுதான் ஆணி. உலக்கைக்குப் பூண் போடும் அதே தர்க்கம். பூண் இல்லாமல் ஆணி அடித்தால் மெல்லிய முனை நார்வாட்டில் பிளந்துவிடும். ஆணியின் தண்டைவிடச் சற்றே குறுகலாகத் துளை போட்டு, தலை வெட்டிய ஆணியை இறக்கி, வெளியே தெரியும் பகுதியை அரத்தால் ராவ வேண்டும். வெளியே நிற்க வேண்டியது 3 முதல் 6 மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். மயிரைத் தாண்டித் தோலில் உறுத்த அது போதும். ஒரு செ.மீ. விட்டால் குத்தும், ரத்தம் வரும், ஈ மொய்க்கும், புண் வைக்கும். அந்த மாடு அதன் பிறகு கோலின் நிழலைப் பார்த்தாலே நுகத்திலிருந்து விலகிப் பக்கவாட்டில் தள்ளும்.

மேழி | ஜனவரி 8, காலை 7.55

எங்கே தொடுவது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். முன்னே போக, பின்தொடையின் மேல் சதைப் பகுதி. திரும்ப, வெளிப்பக்கத்துத் தோள். வயிற்றுப் பக்கம் தொட்டால் உதைக்கும், வால் அடியில் தொட்டால் துள்ளும். சோம்பிய மாட்டை மட்டும் தொட வேண்டும். கம்பால் அடித்தால் இது நடக்காது. அடியின் ஓசை ஜோடியில் இரண்டுக்கும் கேட்கும். நன்றாக இழுக்கிற மாடும் சேர்ந்து பாயும், நுகம் கோணும், கொழு (கலப்பையின் இரும்பு முனை) உழவுச் சாலிலிருந்து வெளியே வரும். ஆணி முனை சத்தமில்லாமல் ஒரு மாட்டிடம் மட்டும் பேசும். கோலின் சிறப்பே இதுதான்.

கொழுமுனை | ஜனவரி 8, பகல் 1.15

அப்படியானால் லட்ரல் சங்கீத ஏட்டு (பைபிளின் சங்கீதங்களை எழுதிய ஏடு) ஓவியத்தில் ஏன் சாட்டை? 1325-க்கும் 1340-க்கும் இடையே லிங்கன்ஷயரில் இர்ணம் ஊர்ப் பிரபு ஜெஃப்ரி லட்ரலுக்காக எழுதப்பட்ட ஏடு. உழவுக் காட்சி அதில் பிரபலம். நாலு மாடு, மேழி பிடிக்கிறவன் ஒருவன், நீண்ட சாட்டையை ஓங்கியபடி இன்னொருவன். ஆணி முனைக் கோல் எங்கே?

மேழி | ஜனவரி 8, பகல் 2.00

இரண்டும் புழங்கின. 11-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாட்காட்டி ஏடுகளில் ஜனவரி மாதப் படமே உழவுதான், அதில் நாலு மாட்டை ஓட்டுபவன் கையில் நீண்ட கோல். முந்நூறு வருஷம் கழித்து லிங்கன்ஷயரில் சாட்டை. இடையில் ஏருக்குக் குதிரை வந்துகொண்டிருந்தது, பல இடங்களில் மாடும் குதிரையும் கலந்தே பூட்டினார்கள். குதிரைக்குக் கோல் ஒத்துவராது. தோல் மெல்லியது, உதையும் வேகம். சாட்டைக் கை பழகியவன் மாட்டுக்கும் அதையே வீசுவான். ஆனால் சாட்டை வந்ததற்குக் குதிரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அந்த ஓர் ஓவியம் போதாது. அதில் நாலும் மாடுதான்.

1290 வாக்கில் எழுதப்பட்ட 'ஃபிளீட்டா' என்ற லத்தீன் சட்ட நூல் வேறு ஒன்று சொல்கிறது. ஓட்டுபவனின் கலை, பூட்டிய மாடுகளைச் சீராக ஓட்டுவது. அடிக்கவோ குத்தவோ வருத்தவோ கூடாது. அவன் சிடுசிடுப்பவனாகவும் கோபக்காரனாகவும் இருக்கலாகாது. மகிழ்ச்சியாகப் பாடிக்கொண்டு ஓட்ட வேண்டும், அந்தப் பாட்டில் மாடு உற்சாகப்படும். குத்தக் கூடாது என்று எழுதிவைக்க வேண்டியிருந்ததிலிருந்தே வயலில் என்ன நடந்தது என்று தெரிகிறது.

ஓலைக்கட்டு | ஜனவரி 8, இரவு 9.30

பாட்டு, மகிழ்ச்சி எல்லாம் பிரபுவின் நூலில். ஓட்டும் பையனைக் கேட்டால் வேறு கதை. ஆல்ஃப்ரிக் துறவி 1000-ஆம் ஆண்டையொட்டி மாணவர்களுக்கு லத்தீன் பேச்சு பழக்க எழுதிய உரையாடலில் உழவன் சொல்கிறான்: என்னிடம் ஒரு பையன் இருக்கிறான், கோலால் மாடு ஓட்டுகிறான், குளிரிலும் கத்திக் கத்தியும் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தினம் ஒரு முழு ஏக்கரோ அதற்கு மேலோ உழுதாக வேண்டும் என்றும் அதே உழவன் சொல்கிறான். அங்கே கோலுக்கு வரும் ஆங்கிலச் சொல் 'காட்-ஈசன்'. சிவன் பெயர் மாதிரி இருக்கிறது. 'ஈசன்' இரும்பு, ஆக கோல்-இரும்பு.

மேழி | ஜனவரி 8, இரவு 10.05

ஒரு திருத்தம். ஆல்ஃப்ரிக் எழுதியது லத்தீன், அவர் சொல் 'ஸ்டிமுலுஸ்'. 'காட்-ஈசன்' 11-ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றில் வரிகளுக்கு மேலே யாரோ எழுதிச் சேர்த்த ஆங்கிலப் பொருள். அதனால் மதிப்பு குறையாது, கூடத்தான் செய்யும். லத்தீன் சொல்லில் இரும்பு இல்லை. ஆங்கிலத்தில் எழுதியவர் கையில் தானாக வந்து விழுந்திருக்கிறது. அவர் பார்த்த கோலில் இரும்பு முனை இருந்தது என்று நம்பலாம்.

தொண்டை கட்டியதையும் கவனியுங்கள். ஏர் நகர்ந்தது பெரும்பாலும் குரலால். கோல் குரலுக்குத் துணை.

கொழுமுனை | ஜனவரி 9, காலை 6.50

பையன் மட்டுமில்லை. 1390-களில் எழுதிய பெயர் தெரியாத கவிஞரின் 'பியர்ஸ் உழவனின் நம்பிக்கை அறிக்கை'யில் கோல் மனைவி கையில் இருக்கிறது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போன்ற நாலு கிடேரிகள். பக்கத்தில் நீண்ட 'கோட்' பிடித்து அவள். மழைக்குக் காப்பாகத் தானியம் தூற்றும் துணியைச் சுற்றியிருக்கிறாள். வெறுங்காலோடு பனிக்கட்டி மேல் நடக்கிறாள், கால் வைத்த இடமெல்லாம் ரத்தம். கனத்த இரும்புக் கம்பமாக இருந்திருந்தால் அவளால் ஏந்தியிருக்க முடியுமா?

சால்வழி | ஜனவரி 9, காலை 8.10

பைபிளில் சம்கார் அறுநூறு பேரை அடித்தது இந்தக் கோலால்தானே? 'ஒரு தாற்றுக்கோலால்' என்று தமிழில் படித்திருக்கிறேன். இடைக்கால ஆங்கிலேயனுக்கும் அந்தக் கதை தெரிந்திருக்கும்.

மேழி | ஜனவரி 9, காலை 8.50

கதை தெரியும், கோல் தெரியாது! மேற்கு ஐரோப்பா அன்று படித்தது வுல்காதா என்ற லத்தீன் பைபிள். அதில் நியாயாதிபதிகள் 3:31-இல் 'வோமேரே', அதாவது கொழுவால் அடித்தான். 14-ஆம் நூற்றாண்டு விக்ளிஃப் குழு அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்ததால் அவர்களுடைய சம்கார் கையிலும் கொழுதான். கோல் திரும்பி வந்தது எபிரேயத்திலிருந்து நேராகப் பெயர்த்தவர்களிடம். 1611 ஜேம்ஸ் அரசர் பதிப்பில் மாட்டுக்கோல் இருக்கிறது, தமிழில் தாற்றுக்கோல் இருக்கிறது.

இடைக்காலத்தில் எல்லாரும் அறிந்த கோல் வசனம் வேறு. அப்போஸ்தலர் நடபடிகள், இயேசு பவுலிடம் சொல்வது. தமிழில் 'முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்'. விக்ளிஃப் பதிப்பிலும் 'பிரிக்', முள் அல்லது முனை. இதுவும் அன்று கோலுக்கு வழங்கிய பெயர்களில் ஒன்று. உழவு பார்த்தவனுக்கு இந்த வசனத்துக்கு விளக்கமே வேண்டியதில்லை. பின்னால் உதைத்தால் ஆணி இன்னும் ஆழமாக ஏறும்.

ஏர்க்கால் | ஜனவரி 10, மாலை 4.20

அருங்காட்சியகங்களில் 'மாட்டுக்கோல் முனை' என்று வைத்திருக்கும் குட்டி இரும்புச் சுருள்கள் பற்றி? பட்டை இரும்பை விரல் நுனி அளவுக்கு வளையமாகச் சுற்றி, ஒரு முனை முள்ளாக நீட்டியிருக்கும்.

மேழி | ஜனவரி 10, மாலை 5.00

அவை பெரும்பாலும் ரோமர் காலம், இடைக்காலத்துக்கு வெகு முன்னே. அவற்றிலும் சண்டை ஓயவில்லை. வட இங்கிலாந்தில் ரோமர் கட்டிய ஹேட்ரியன் சுவர் அருகே விண்டோலாண்டா கோட்டையில் மை எழுத்துப் பலகைகள் கிடைத்த பிறகு, அந்தச் சுருள்கள் பேனா முனைகள் என்ற வாதம் வலுத்தது. வளையத்தின் உள்வாய் சிறியது, எழுதுகோலுக்குத்தான் பொருந்தும். தடித்த கழிக்குப் பொருந்தும் பெரிய வளையத்தை மாட்டுக்கோல் எனலாம். சிறியதை அப்படிச் சொல்லும் முன் உள்வாயை அளந்து பாருங்கள். ஒன்பதடிக் கழியின் மெல்லிய முனைகூடச் சுண்டுவிரல் தடிமனுக்குக் குறையாது.

சால்வழி | ஜனவரி 11, காலை 10.30

சுற்றி வந்து முதல் கேள்விக்கே வருகிறேன். பதினாறரை எங்கிருந்து வந்தது? பதினாறு என்றாலும் பரவாயில்லை, அந்த அரை?

மேழி | ஜனவரி 11, பகல் 11.40

அந்த அரைதான் துப்பு. யாராவது ஒரு கோலை வெட்டி அளவாக வைத்திருந்தால் அரையோடு வெட்ட மாட்டார்கள். 1300-ஐ ஒட்டிய 'கோம்போசிசியோ' என்ற அளவைச் சட்டம் சொல்வது: மூன்று வாற்கோதுமை மணி அங்குலம், 12 அங்குலம் அடி, 3 அடி கஜம், ஐந்தரை கஜம் ராட், 40-க்கு 4 ராட் ஏக்கர். பழைய வடக்கு ஜெர்மானிய அடி நீளமானது, இப்போதைய அங்குலத்தில் 13.2. அதில் 15 அடி வைத்தால் 198 அங்குலம், அதாவது புது அடியில் சரியாகப் பதினாறரை. அடியைச் சுருக்கினார்கள், ஆனால் நிலத்தின் எல்லைகளையும் வரியையும் மாற்ற முடியாது. ராட் அப்படியே நின்றது, எண் மட்டும் கோணலானது. முழுச் சான்றோடு நிறுவிய விளக்கம் இல்லை, இருப்பதில் தேறுவது இதுதான்.

ஜெர்மனியில் 1530-களில் கோபெல் அச்சிட்ட நில அளவை நூலில் இன்னொரு வழி: ஞாயிறு கோயில் விட்டு வெளியே வரும் பதினாறு ஆண்களை, குட்டை நெட்டை பாராமல், இடது பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நிற்கச் சொல்லு, அந்த நீளம் ராட். இதிலும் மாடு இல்லை.

ஓலைக்கட்டு | ஜனவரி 11, பகல் 12.15

அப்படியானால் 'கோட்' என்ற பெயரில் அளவே கிடையாதா?

மேழி | ஜனவரி 11, பகல் 12.50

உண்டு. கார்ன்வாலில் 'கோட்' ஒன்பதடி. அவர்களுடைய 18 அடி ராடில் சரிபாதி. கூலிக்காரர்களுக்குச் சிறு துண்டு நிலம் அளந்துவிடும்போது புழங்கியது. லிங்கன்ஷயர்ப் பக்கம் 'கேட்' பத்தடி, புல்வெளியைப் பங்கு பிரிக்க. ஒன்பதும் பத்தும்! கையில் உண்மையாகப் பிடித்த கோலின் நீளம். கோல் பெயரை வாங்கிக்கொண்ட இந்த இரண்டு அளவும் கோலின் நீளத்திலேயே நிற்கின்றன. பதினாறரை அடிக்கு 'கோட்' என்று பெயர் வைத்து நான் பார்த்ததில்லை.

துணிக்கடையிலும் ஒரு 'கோட்' இருந்தது, நாலரை அடி. வேல்ஸின் முரட்டுக் கம்பளித் துணியை அதில் அளந்து விற்றார்கள். ஒன்பதில் பாதி என்பது கண்ணை உறுத்துகிறது. ஆனால் வணிகர்கள் ஒன்றரை கஜம் என்று எண்ணியே வைத்திருக்கலாம், மாட்டைக் கடைக்குள் இழுக்க வேண்டியதில்லை.

கொழுமுனை | ஜனவரி 12, காலை 7.15

லிங்கன்ஷயர் என்றதும் கேஸ்டர் கோயிலின் 'கேட் சாட்டை' நினைவுக்கு வருகிறது. குருத்தோலை ஞாயிறன்று பிராட்டன் ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து, ஆராதனையின்போது கோயில் வாசலில் சாட்டையைச் சொடுக்குவான். பிறகு வெள்ளிக் காசுப் பையை அதில் கட்டிப் பாதிரியார் தலைக்கு மேலே பிடிப்பான். ஒரு நிலத்தை வைத்திருப்பதற்கான கடமை. 1840-களில் நிறுத்தினார்கள். சாட்டையின் பிடிக்கழி ஆஷ் மரம், ஆறடிக்குச் சற்றுக் குறைவு. 'கேட்' என்ற சொல்லைச் சாட்டையும் வாங்கிக்கொண்டதற்கு இது சாட்சி. லட்ரல் ஓவியமும் அதே மாவட்டம்தான்.

மேழி | ஜனவரி 12, காலை 7.50

அந்த மாவட்டப் பொருத்தத்தை நானும் யோசித்தேன். இடையில் ஐந்நூறு வருஷம் இருக்கிறது, கயிறு கட்ட வேண்டாம். ஆனால் சொல் கோலை விட்டு வேலைக்கு இடம்பெயர்ந்தது மட்டும் உறுதி. ஸ்காட்லாந்தில் 'காட்ஸ்மன்' என்றால் ஏர் ஓட்டும் பையன். 1786-இல் வரி அதிகாரிக்குத் தன் உடைமைகளைப் பாட்டாகக் கணக்குக் காட்டிய ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தன் வேலைக்காரப் பையன்களில் ஒருவனைக் காட்ஸ்மன் என்கிறார். அதே பாட்டில் அவர் ஏரில் பூட்டியிருப்பது நாலு குதிரை.

சால்வழி | ஜனவரி 12, இரவு 9.00

கடைசியாக ஒன்று. பர்ன்ஸின் எலிப் பாடலில் 'பாட்டில்' (pattle) என்று ஒரு சொல் வருகிறதே, அது இந்தக் கோல்தானா? சில உரைகளில் அப்படிப் போட்டிருக்கிறார்கள்.

மேழி | ஜனவரி 12, இரவு 9.20

இல்லை. அது மண்வழிப்பான். குட்டைக் கழி, முனையில் கரண்டி போன்ற சிறு தகடு. ஈரக் களிமண் கொழுவிலும் பலகையிலும் அப்பிக்கொண்டால் மேழி பிடிப்பவன் அதால் சுரண்டித் தள்ளுவான். அவன் கைக்கெட்டும்படி கலப்பையிலேயே செருகியிருக்கும். பாலஸ்தீனத்தில் ஒரே கோலின் ஒரு முனையில் ஆணியும் மறுமுனையில் இந்தத் தகடும் வைப்பதுண்டு, அங்கே ஒரே ஆள் உழுவதால். இங்கிலாந்தில் ஆள் இரண்டு, கருவியும் இரண்டு.